குறைந்த செலவில் டெமோ: முதலில் டிரம்ஸுக்கு ஒரு முடிவு சொல்லுங்கள்

காரைக்குடிப் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பேண்டு மூன்று பாட்டை டெமோவாக, அதாவது மாதிரிப் பதிவாகச் செய்து யாருக்காவது அனுப்ப வேண்டும். எல்லோரும் போட்டுச் சேர்த்த பணம் இருபதாயிரம், மிஞ்சினால் முப்பதாயிரம். இந்த நிலையில் முதலில் எழும் கேள்வி “எந்த மைக் வாங்கலாம்?” என்பதாகத்தான் இருக்கும். அதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். டிரம்ஸை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதே முதல் கேள்வி.

பேஸ் கிதாரையும் கீபோர்டையும் ஒயர் போட்டு நேராகக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோய்விடலாம். அறை எப்படி இருந்தாலும் கவலை இல்லை. எலெக்ட்ரிக் கிதாருக்கும் இன்று அதே வழி உண்டு. கிதாரின் ஒலிபெருக்கியான ஆம்ப்பின் சத்தத்தை மென்பொருளே தந்துவிடும், நியூரல் ஆம்ப் மாடலர் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. பாடுகிறவருக்கு ஒரு மைக்கும் அமைதியான ஒரு மூலையும் போதும். டிரம்ஸ் மட்டும்தான் ஒரே நேரத்தில் பல மைக் கேட்கும், பெரிய இடம் கேட்கும், தெருவையே எழுப்பும். வீட்டுப் பதிவுக்கு இருக்கிற வழிகளைப் பிரித்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் டிரம்ஸ் விஷயத்தில் ஒவ்வொரு விதமான பதிலாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே பேசி முடித்துவிட வேண்டும். டெமோ யாருக்கு? திருவிழாக் கமிட்டியிடமோ கல்யாண வீட்டிலோ காட்டிக் கச்சேரி பிடிப்பதற்கு என்றால், அவர்கள் பார்க்க விரும்புவது நீங்கள் சேர்ந்து வாசிக்கும் வீடியோவை. சொந்தப் பாட்டை ஓர் இசை நிறுவனத்துக்கோ சென்னையில் நிகழ்ச்சி நடத்துகிறவருக்கோ அனுப்புவதென்றால், அவர் ஹெட்போனில் கேட்பார். குரலும் வரிகளும் தெளிவாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே வழி பொருந்தாது.

செலவே இல்லாத வழி கைபேசி. ஒத்திகையைப் பதிவு செய்து மறுநாள் கேட்பதற்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. எந்த இடத்தில் தாளம் ஓடுகிறது, எந்தச் சரணம் தேவையில்லாமல் நீளுகிறது என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். பணம் செலவழிக்கும் முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் டெமோவாக அனுப்ப இது போதாது. கைபேசியின் கேமரா செயலி, சத்தம் கூடும்போது தானாகவே அளவைக் குறைக்கும், குறையும்போது ஏற்றிவிடும். அதனால் ஒவ்வொரு அடி விழும்போதும் பாட்டு அமுங்கி அமுங்கி எழும்.

அடுத்தது, கையடக்கமான ஸ்டீரியோ ரெக்கார்டர். ஜூம் எச்1என், எச்4என் மாதிரியான கருவிகள். கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் இருந்தால் அவரிடம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், ஒரு நாளைக்கு இரவல் கிடைக்கலாம். இதில் மிக்ஸிங் (ஒலிகளை அளவு பார்த்துக் கலப்பது) என்பதே ஆட்கள் நிற்கும் இடம்தான். டிரம்ஸ் தூக்கலாக இருந்தால் செட்டை நான்கடி பின்னால் தள்ள வேண்டும், பாடுகிறவர் கேட்கவில்லை என்றால் முன்னால் வர வேண்டும். பத்து நிமிடம் வாசித்து, கேட்டு, நகர்ந்து, மறுபடி வாசித்து, இப்படியே ஓர் அரை நாள் போகும். ஆனால் இடம் சரியாக அமைந்துவிட்டால் கிடைக்கும் உயிரோட்டத்தை வேறு எந்த மலிவான வழியும் தராது. தவில், பறை, அக்கவுஸ்டிக் கிதார், குரல் என்று இருக்கும் குழுவுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். குறை என்னவென்றால், பதிவான பிறகு எதையும் தனியாகத் திருத்த முடியாது. ஒரு வரியில் சுருதி விலகினால் பாட்டு முழுவதையும் எல்லோரும் திரும்ப வாசிக்க வேண்டும்.

மூன்றாவது வழிதான் எல்லோரும் முதலில் யோசிப்பது. இரண்டு மைக் செருகி அவற்றின் ஒலியைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி ஒன்று வாங்கி, ஒருவர் பின் ஒருவராகப் பதிவு செய்வது. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, பெரிங்கர் யூஎம்சி202எச்டி போன்றவை இந்த வகை. விலை கடைக்குக் கடை மாறினாலும், பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் ரூபாய்க்குள் ஒன்றைப் பிடித்துவிடலாம். பதிவு செய்யும் மென்பொருளுக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. பேண்ட்லேப் இலவசம். ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு கராஜ்பேண்ட் இலவசம். ரீப்பரை 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்க விடுகிறார்கள், அதன் பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். எனக்கு ரீப்பர்தான் பிடிக்கும். பழைய லேப்டாப்பிலும் மூச்சு முட்டாமல் ஓடும்.

இந்த வழியில் டிரம்ஸுக்கான பதில், மைக் வைத்துப் பதிவு செய்வதே இல்லை என்பது. கம்ப்யூட்டரில் இருக்கும் டிரம் ஒலிகளைக் கீபோர்டிலோ சிறிய பேடிலோ தட்டி அமைப்பார்கள். குரலையும் கிதாரையும் இரவு பத்து மணிக்கு மேல் ஆறஅமரப் பதிவு செய்யலாம், பிடிக்காத வரியை மட்டும் திரும்பப் பாடலாம். கேட்பதற்கும் சுத்தமாக இருக்கும். ஆனால் ஒரு வருடமாகச் சேர்ந்து வாசித்துப் பழகிய குழுவில், டிரம்மர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் மவுஸால் அடி போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு மனசுக்கு ஒப்பாத காட்சி. அவர் ஒரு பாட்டில் சற்றுத் தாமதித்து அடிப்பதும், பல்லவிக்குத் திரும்பும்போது கொஞ்சம் முந்துவதும்தான் அந்தப் பேண்டின் அடையாளமாக இருக்கும். அதைக் கழித்துவிட்டு அனுப்பும் டெமோ யாருடையது? இந்த வழியில்தான் போக வேண்டும் என்றால், தெரிந்த சர்ச்சிலோ இசைப் பள்ளியிலோ எலெக்ட்ரானிக் டிரம்ஸ் கிடைக்குமா என்று விசாரியுங்கள். அதிலிருந்து ஒரே ஒரு யூஎஸ்பி ஒயர் லேப்டாப்புக்கு வரும். அடிப்பவர் டிரம்மர், ஒலி மட்டும் கம்ப்யூட்டருடையது. தெருவுக்குச் சத்தமும் போகாது.

நான்காவது வழியைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. நம் பக்கத்துக்கு அது ரொம்பவே பொருந்தும் என்று நம்புகிறேன். மைக்செட்காரர். கல்யாணமும் கோயில் திருவிழாவும் இவ்வளவு பெரிதாக நடக்கும் பகுதியில், டிஜிட்டல் மிக்ஸர் வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டமில்லை. மேடைக்கு என்று அவர் வாங்கி வைத்திருக்கும் அதே கருவி, பதிவுக்கும் அருமையான கருவி. பெரிங்கர் எக்ஸ்32 மிக்ஸரை யூஎஸ்பி வழியாக லேப்டாப்பில் இணைத்தால் 32 சேனலும் (ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு வழி) தனித்தனியாக வந்து விழும். அதே நிறுவனத்தின் எக்ஸ்ஆர்18இல் 18. சவுண்ட்கிராஃப்ட் யூஐ24ஆர் லேப்டாப்கூட இல்லாமல் பென் டிரைவிலேயே சேனல் சேனலாகப் பதிந்து தரும். மைக், ஸ்டாண்டு, ஒயர் எல்லாம் அவரிடமே இருக்கும். விலைக்கு வாங்கினால் லட்சத்தைத் தாண்டக்கூடிய சாமான் ஒரு நாள் வாடகைக்கு வருகிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மிக்ஸரில் யூஎஸ்பி ஓட்டை இருப்பதாலேயே அது தனித்தனி ட்ராக், அதாவது ஒவ்வொரு சேனலுக்கும் தனிப் பதிவு தரும் என்று அர்த்தமில்லை. யமஹா எம்ஜி10எக்ஸ்யூ மாதிரி பரவலாக இருக்கும் மிக்ஸர்கள் எல்லாச் சத்தத்தையும் கலந்து இரண்டே சேனலாகத்தான் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அப்படியென்றால் ஸ்டீரியோ ரெக்கார்டருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மாடல் பெயரைக் கேட்டு, எத்தனை சேனல் யூஎஸ்பியில் வெளியே போகும் என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். முடிந்தால் முதல் நாளே உங்கள் லேப்டாப்பை எடுத்துப்போய் அவர் பட்டறையில் செருகிப் பாருங்கள்.

எந்த நாள் என்பதும் முக்கியம். “முகூர்த்தம் இல்லாத நாளாப் பாத்து வாங்க தம்பி” என்றுதான் அவர்களும் சொல்வார்கள், வாடகையும் அப்போதுதான் இறங்கும். கல்யாணம் இல்லாத மாதம் என்று ஆடியை நம்ப வேண்டாம். அம்மன் கோயில்களுக்கு செட் போய்விடும். மாசி, பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் திருவிழா சமயத்தில் செட்டும் கிடைக்காது, ஊரில் அமைதியும் கிடைக்காது. மார்கழிதான் நல்லது. விடியற்காலைத் திருப்பாவை ஓய்ந்ததும் நாள் முழுவதும் உங்களுடையது, வெயிலும் குறைவு.

ஐந்தாவது, ஸ்டுடியோவுக்கே போவது. காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். மணிக்கணக்கில் வாடகை, ஐந்து பேருக்குப் பயணம், சாப்பாடு. மூன்று பாட்டையும் முழுதாக அங்கேயே முடிப்பது நம் பணத்துக்குள் வராது. டிரம்ஸை மட்டும் அரை நாளில் அங்கே பதிந்துகொண்டு மீதியை வீட்டில் செய்வது நடக்கிற காரியம். அதற்கு டிரம்மர் ஹெட்போனில் தாளம் காட்டும் கிளிக் சத்தத்தோடு பிசகாமல் வாசிக்கப் பழகியிருக்க வேண்டும். பழகாமல் போனால் மணிக்கு மணி பணம் கரையும்.

ஸ்டுடியோ என்றால் சென்னைதான் என்ற எண்ணம் இந்த ஊரில் இருக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து வளர்ந்தவர். ஏவி.எம். ஸ்டுடியோ வடபழனிக்குப் போகும் முன், 1940களில், காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள தேவகோட்டை ரஸ்தாவில்தான் இயங்கியது. சத்தத்தைப் பிடிக்கத் தெரிந்த ஊர்தான் இது.

இனி இடம். செட்டிநாட்டு வீடு கிடைப்பவருக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். பெரிய வீடுகள் பல பூட்டித்தான் கிடக்கின்றன. குடும்பத்தில் யாராவது பேண்டில் இருந்தாலோ, வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரைத் தெரிந்திருந்தாலோ, ஆச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டு இரண்டு நாள் அனுமதி வாங்குவது நடக்காத காரியம் இல்லை. “இவ்வளவு பெரிய வளவு இருக்கிறதே, இங்கேயே எல்லாவற்றையும் பதிந்துவிடலாம்” என்றுதான் முதலில் தோன்றும் (வளவு என்பது வீட்டின் நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்). அவசரப்படாமல் நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி வழவழக்கும் சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, தேக்குத் தூண், சலவைக்கல். எதுவும் சத்தத்தை உறிஞ்சாது, எல்லாம் திருப்பி அனுப்பும். இரண்டு சுவர் எதிரெதிரே நிற்கும் நடையில் தட்டினால் ‘டிர்ர்ர்’ என்று ஓர் உலோகச் சத்தம் ஓடும். கூரை போட்ட பெரிய கூடமான பட்டாலையில் தட்டினால் ஒலி எழுந்து நெடுநேரம் மிதக்கும். அந்த மிதப்பு ஒரு பாடகரின் குரலுக்கு அழகாக இருக்கும். ஆனால் டிரம்ஸ், பேஸ், கிதார் எல்லாம் சேர்ந்து அதில் மிதந்தால் ஒன்றும் புரியாது. பதிவுக்குப் பிறகு எதிரொலியைச் சேர்க்க ஒரு நிமிடம் போதும், எடுப்பது ஏறக்குறைய முடியாத வேலை.

வானம் தெரியும் வளவு வேறு மாதிரி. மேலே போகும் சத்தம் திரும்பி வராது. அதனால் தாழ்வாரத்தில் முற்றத்தைப் பார்த்தபடி டிரம்ஸ் செட்டைப் போட்டால், பட்டாலையைவிட நன்றாகவே கேட்கும். கல்யாணத்துக்கு வைத்திருக்கும் ஜமுக்காளங்களை இரண்டு மூன்றாக மடித்து செட்டுக்கு அடியில் விரிக்க வேண்டும். காலால் அடிக்கும் கிக் டிரம்மைத் தரையில் ஊன்றி நிறுத்தும் முள் பூக்கல்லைக் கீறிவிட்டால் ஆச்சியின் முகத்தில் விழிக்க முடியாது, வழவழத்த தரையில் செட்டும் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். கோரைப்பாய் இதற்கு உதவாது. முற்றத்தை இப்போது தகடு போட்டு மூடியிருந்தால் அது திறந்த வளவு என்ற கணக்கில் வராது. புறா இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். டிரம்ஸுக்கு அது பொருட்டில்லை, குரல் பதிவில் புறாவின் குமுறல் நன்றாக விழும்.

குரலுக்கும் கிதாருக்கும் வளவைச் சுற்றியிருக்கும் சிறிய அறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கனமான சுவர், கனமான கதவு, சின்ன ஜன்னல். வெளிச்சத்தம் உள்ளே வராது. அடுக்கி வைத்திருக்கும் இலவம்பஞ்சு மெத்தைகள் அங்கேயே இருக்கும். அவற்றைப் பாடுகிறவருக்கு முன்னால் வைப்பதைவிட முதுகுப் பக்கம் நிறுத்துவதில்தான் பலன் அதிகம். மைக்கின் காது பாடுகிறவரைப் பார்த்துத்தானே திறந்திருக்கிறது, அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரிலிருந்து வருவதுதான் அதில் விழும். சுவரில் முட்டை அட்டை ஒட்டும் வேலை வேண்டவே வேண்டாம். பயனும் மிகக் குறைவு, நூறு வருடப் பூச்சும் பாழாகும்.

மெத்தையால் ஆகாததும் உண்டு. 100 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். அதில் கால்வாசி, கிட்டத்தட்ட 85 சென்டிமீட்டர் தடிமன் இருந்தால்தான் அது சரியாக அடங்கும். நான்கு அங்குல மெத்தை குரலின் கூர்மையை மட்டும்தான் தணிக்கும். பத்தடி நீளமுள்ள அறையில் 56 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு குமுறல் எழும், பேஸ் கிதாரின் ஏ கம்பியோ 55 ஹெர்ட்ஸ். அந்த ஒரு சுரம் மட்டும் அறையை நிறைத்துவிடும். பேஸை ஆம்ப்பில் வாசித்து மைக் வைக்காமல் நேராக ஒயரில் எடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

மைக் விஷயத்துக்கு இப்போது வரலாம். ஷூர் எஸ்எம்57, எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கா, ஆடியோ டெக்னிகா ஏடி2020 போன்ற கண்டென்சரா? கண்டென்சர் நுணுக்கமாகக் கேட்கும், தெருவில் போகும் புல்லட்டையும் சேர்த்து. அதற்கு மைக் ஒயர் வழியாகவே வரும் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரமும் வேண்டும். மெத்தை அடைத்த அமைதியான அறை இருந்தால் கண்டென்சர், இல்லையென்றால் டைனமிக்கை வாய்க்கு அருகில் வைத்துப் பாடுங்கள். டைனமிக் மைக் மைக்செட்காரரிடமே இருக்கும் என்பதால், எதையாவது விலைக்கு வாங்குவதென்றால் கண்டென்சருக்குச் செலவழிப்பதில் நியாயம் இருக்கிறது.

டிரம்ஸுக்குப் பத்து மைக் தேவையில்லை. கிக்கில் ஒன்று, டிரம்மருக்கு நேர் முன்னால் இருக்கும் ஸ்னேர் டிரம்மில் ஒன்று, செட்டுக்கு மேலே இரண்டு, மொத்தம் நான்கு போதும். மேலே இருக்கும் இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு நூலை எடுத்து அளந்து வையுங்கள். ஒலி 34 சென்டிமீட்டர் கடக்க ஒரு மில்லி செகண்டு ஆகும். ஒரு மைக் அந்த அளவு தள்ளிப் போனாலே, இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது ஸ்னேர் ஒல்லியாகிவிடும். நூலுக்குச் செலவு கிடையாது, விலை உயர்ந்த மைக்கைவிட இது கூடுதலாகக் கைகொடுக்கும்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. பழைய வயரிங்கில் எர்த் சரியாக இல்லாவிட்டால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் எல்லா ட்ராக்கிலும் ஏறும். எல்லாக் கருவிக்கும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து மின்சாரம் எடுங்கள், லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டுங்கள். மலிவான இன்வர்ட்டரில் பதிவு வேண்டாம். அதன் மின்னலை சீராக இருக்காது, கிதார் பிக்கப் அதை அப்படியே பாடிக் காட்டும். ஃபேனை நிறுத்தத்தான் வேண்டும். வெக்கையில் கம்பியின் சுருதி இறங்கும், அதனால் ஒவ்வொரு தடவைக்கும் முன் சுருதி பாருங்கள்.

என் முடிவு இதுதான். டிரம்ஸோடு சேர்ந்து வாசித்துப் பழகிய ஐந்து பேர் பேண்டுக்கு, நான்காவது வழியும் மூன்றாவது வழியும் சேர்ந்ததுதான் சரி. மார்கழியில் ஒரு நாள் மைக்செட்காரரின் மிக்ஸரை எடுத்து, வளவுத் தாழ்வாரத்தில் டிரம்ஸும் ஒயரில் பேஸும் எல்லோரும் சேர்ந்து வாசித்தபடி பதிந்துகொள்ளுங்கள். கிதாரிஸ்ட்டும் பாடகரும் வேறு அறையிலிருந்து ஹெட்போனில் கேட்டபடி வழிகாட்டிக்கு மட்டும் வாசித்துப் பாடட்டும். அந்தக் குரலையும் கிதாரையும் வைத்துக்கொள்ளப் போவதில்லை. அன்றைக்கே வீடியோவும் எடுத்துவிடலாம், கமிட்டிக்கு அது ஆகும். அப்புறம் குரலையும் கிதாரையும் சின்ன அறையில் இரண்டு சேனல் இன்டர்ஃபேஸில், அவசரமில்லாமல், வாரக் கடைசிகளில். இன்டர்ஃபேஸை இரவல் வாங்க முடிந்தால் கையிலிருக்கும் பணம் வாடகைக்கும் சத்தம் வெளியே கசியாத ஒரு நல்ல மூடிய ஹெட்போனுக்கும் தாராளமாகப் போதும், மிச்சத்தை மிக்ஸிங் தெரிந்த ஒருவருக்குக் கொடுக்கலாம். டிரம்மர் இல்லாத இரண்டு பேர், மூன்று பேர் குழுவுக்கு மூன்றாவது வழி மட்டுமே போதும். நாட்டார் இசைக் குழு என்றால் ஸ்டீரியோ ரெக்கார்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்டுடியோப் பயணத்தை, சத்தம் போட எங்குமே இடமில்லாதவர்களுக்கு மட்டும் சொல்வேன்.

பதிவின்போது அளவை முள் சிவப்புக்குப் போகும்வரை ஏற்ற வேண்டாம். 24 பிட் தரத்தில் பதிந்தால், உச்ச அடி மைனஸ் 12 டெசிபலில் நின்றாலே போதும். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு ட்ராக் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.6 மெகாபைட் பிடிக்கும். பதினாறு ட்ராக் ஒரு மணி நேரம் ஓடினால் எட்டு ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். ஒவ்வொரு பாட்டுக்கும் பதிவை நிறுத்தித் தொடங்குங்கள். மாலையில் மிக்ஸரைத் திருப்பிக் கொடுக்கும் முன், எல்லா ட்ராக்கையும் ரீப்பரில் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டு, இரண்டு இடத்தில் காப்பி போட்டுவிட்டு, அதன் பிறகு ஒயரைச் சுருட்டுங்கள்.